வணக்கத்தோடு பதிலையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் எந்தெந்த மொழியில் எப்படி முகமன் சொல்கிறார்கள் என்று பட்டியல் போட்டிருந்தீர்கள். ஆசையாகப் படித்தேன். ஆனால் அதில் பாதிதான் இருக்கிறது. எதிரே இருப்பவர் என்ன பதில் சொல்வார், அதற்கு நாம் என்ன சொல்ல வேண்டும் என்பது ஒரு மொழிக்கும் இல்லை.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. என்னுடன் வேலை பார்த்த செனகல் நாட்டு நண்பரிடம், இதே போன்ற ஒரு பட்டியலில் பார்த்து மனப்பாடம் செய்த வோலோஃப் மொழியின் ‘நங்கா தெஃப்’பை ஒருநாள் காலையில் சொன்னேன். எப்படி இருக்கிறீர்கள் என்று அர்த்தம். அவர் முகம் மலர்ந்துவிட்டது. பையைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘மாங்கி ஃபி’ என்றார். ‘இங்கேதான் இருக்கிறேன்’ என்று பொருளாம். கையை விடாமல் என்னையே பார்த்தபடி காத்திருந்தார். எனக்கு அடுத்த வார்த்தை தெரியவில்லை. அவர் வீட்டாரை நான் விசாரித்திருக்க வேண்டும். ‘அங்கேதான் இருக்கிறார்கள்’ என்று அவர் சொல்லியிருப்பார். அப்புறம் என் வீட்டாரை அவர் விசாரித்திருப்பார். அதெல்லாம் முடிந்துதான் வந்த காரியத்தைப் பேசுவார்களாம். நானோ தொடங்கிவிட்டு நடுவிலேயே விட்டுவிட்டேன். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

பதில்களில்தான் எத்தனை அழகு! அரபியில் ‘அஸ்ஸலாமு அலைக்கும்’ என்றால், அதே சொற்கள் இடம் மாறி ‘வ அலைக்குமுஸ்ஸலாம்’ என்று திரும்பி வருகின்றன. ஐரிஷ் மொழியில் ஒருவர் ‘கடவுள் உங்களோடு’ என்றால், மற்றவர் ‘கடவுளும் மரியாளும் உங்களோடு’ என்று ஒருவரைக் கூட்டித்தான் பதில் சொல்வார். ஜார்ஜியர்களின் ‘கமர்ஜோபா’ வெற்றி என்ற சொல்லில் பிறந்தது. உங்களுக்கும் வெற்றி கிடைக்கட்டும் என்று ‘ககிமர்ஜோஸ்’ சொல்வார்கள். உங்கள் பட்டியலில் எல்லாவற்றுக்கும் நேரே ‘ஹலோ’ என்று மட்டும் இருக்கிறது. தொலைபேசியில் கூப்பிட ஏற்றது என்று 1877-இல் எடிசன் பரிந்துரைத்த சொல் அது. மற்றதையெல்லாம் அதன் அளவுக்கு வெட்டுவது நியாயமே இல்லை.

அதே 1877-க்குச் சரியாக நூறு வருஷம் கழித்து, 1977-இல், வாயேஜர் விண்கலங்களில் 55 மொழிகளில் வாழ்த்துகளைப் பதிந்து அனுப்பினார்கள். அதில் சீனத்தின் அமோய் வழக்கில் பேசுகிறவர் விண்வெளி நண்பர்களை நலம் விசாரித்து, சாப்பிட்டாச்சா என்று கேட்டு, நேரம் இருந்தால் வந்துபோகவும் சொல்கிறார். பதில் வரும் என்று நம்பிப் பேசுகிற பேச்சு அது. எனக்கு அந்த 55-இல் மிகவும் பிடித்தது அதுதான்.

இடம் போதாது என்றால் சரி, மொழிகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். பத்து மொழி போதும். ஒவ்வொன்றுக்கும் பதிலையும் நேர்ப்பொருளையும் சேர்த்துப் போடுங்கள். வோலோஃபுக்கு மட்டும் நாலைந்து வரி கூடுதலாகத் தேவைப்படும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்