செல்போன் மேல் பழி போட்டாயிற்று

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில், "கால்சட்டைப் பையில் செல்போன் வைக்கும் ஆணுக்குக் குழந்தை பிறக்காது" என்று ஒரே போடாகப் போட்டிருந்தீர்கள். என் மாமியார் அதை இரண்டு தடவை சத்தமாக வாசித்தார். "பாத்தியா, எம்மவன் மேல குத்தமில்ல. எல்லாம் அந்தப் போனு பண்ற வேல."

என் வீட்டுக்காரர் விசைப்படகு டிரைவர். கடலில் போன் பாலித்தீன் பையில் சுற்றி கேபினில் கிடக்கும். நம்ம டவர் போய்விட்டால் சில நேரம் இலங்கை டவர் வந்து வரவேற்கும், அவ்வளவுதான். பையில் வைக்கக் கால்சட்டைக்கு எங்கே போவது? அவர் கட்டுவது கைலி.

2023-ல் வந்த ஜெனிவா பல்கலைக்கழக ஆய்வு உங்களுக்குத் தெரியாததல்ல. மதுரையில் நர்சிங் படிக்கும் என் தங்கை மகள் (போனில்தான்) காட்டினாள். 18 முதல் 22 வயது வரை 2886 பேர். தினமும் 20 தடவைக்கு மேல் போனை எடுத்தவர்களுக்கு விந்தணு குறைவாக இருந்தது நிஜம். ஆனால் பையில் வைப்பதற்கும் அதற்கும் தொடர்பு தெரியவில்லை என்றும் அதிலேயே இருக்கிறது. அந்தப் பாதியை எலி தின்றுவிட்டதா?

சரி, அது போகட்டும். ஏழு வருஷம் ஸ்கேன், ரத்தம், கருக்குழாய் சோதனை எல்லாம் எனக்குத்தான். பிள்ளை வரம் கேட்டு ஓரியூர் தேவாலயத்துச் செம்மண்ணை முந்தானையில் முடிந்து வந்ததும், வளைகாப்பு வீட்டில் கடைசி வரிசையில் உட்கார்ந்ததும் நான்தான். அவரை ஒரு குப்பியில் மாதிரி கொடுக்க வைக்க எட்டாவது வருஷம் ஆயிற்று. எண்ணிக்கை குறைவு. டாக்டர் போனைப் பற்றிக் கேட்கவில்லை. பீடியைக் கேட்டார், இன்ஜின் சூட்டைக் கேட்டார். புதிதாக விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள் ஆகுமாம், மூன்று மாதம் பீடியை விட்டுவிட்டு வரச் சொன்னார். படகு கடலுக்குப் போகாத 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் எப்படியோ விட்டிருந்தார். உங்கள் கட்டுரை வந்த மறுநாளே பீடி திரும்பிவிட்டது. இப்போது போனைத்தான் பத்திரமாக அலமாரியில் வைக்கிறார்!

அதே இதழின் கடைசிப் பக்கத்தில் லாட்ஜ் வைத்தியர் விளம்பரம் வேறு. குழந்தையின்மை என்றாலே அழுகிற பெண் படம்தானா என்று முன்பு நான் எழுதிய கடிதத்தை நீங்கள் போடவில்லை. நண்டுக் குழம்புக் குறிப்பு அனுப்பினேன், அடுத்த வாரமே வந்தது.

கேட்பது இரண்டே வரி. பை பற்றிய செய்தி தவறு, குழந்தை தாமதமானால் ஆணுக்கும் ஆரம்பத்திலேயே சோதனை வேண்டும். கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள், என் மாமியார் கண்ணாடி போடமாட்டார்.

ஒரு வாசகி,
பாம்பன்