புல் தாங்கும் அளவுக்கு மக்கள்

அன்புள்ள சிவராமனுக்கு,

உன் கடிதமும் அதோடு வைத்திருந்த அட்டவணையும் வந்து சேர்ந்தன. அக்காவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் மிகவும் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விடச் சொல். இங்கே எல்லோரும் சுகம்.

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் உள்ள செர்ரி கவுண்டியை (கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி) உன் புவியியல் பாடத்துக்கு எடுத்துக்கொண்டது நல்ல தேர்வு. ஆனால் 'நூறு ஆண்டுகளாகச் செத்துக்கொண்டிருக்கும் நிலம்' என்று நீ வைத்திருக்கும் தலைப்பை என்னால் ஏற்க முடியவில்லை. 1920-இல் 11,753 பேர், 2020-இல் 5,455 பேர் என்ற இரண்டு எண்களும் சரிதான். ஆனால் கணக்கை 1920-இல் தொடங்கினால் இறக்கம் மட்டும்தான் கண்ணில் படும். முப்பது ஆண்டு முன்னே போ. 1890-இல் 6,428 பேர், 1900-இல் 6,541 பேர், 1910-இல் 10,414 பேர். அதாவது பத்தே ஆண்டில் மக்கள்தொகை ஒரே தாவாகத் தாவி, இன்னொரு பத்தாண்டு தாக்குப்பிடித்து, பிறகு மெல்ல மெல்லப் பழைய நிலைக்கும் கீழே வந்திருக்கிறது. ஏன் இறங்கியது என்பதைவிட ஏன் அப்படி ஏறியது என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள். 1890 கணக்கெடுப்பின்போது சதுர மைலுக்கு இரண்டு பேருக்கும் குறைவாக இருந்த பகுதியைக் குடியேற்றம் எட்டாத எல்லைப்புறம் என்று வகுத்தார்கள். செர்ரி கவுண்டியின் நிலப்பரப்பு ஏறக்குறைய 5,960 சதுர மைல். உச்சத்தில் இருந்த 11,753 பேரை அதால் வகுத்துப் பார், இரண்டுக்குச் சற்றுக் குறைவாகவே வரும். அந்த அளவுகோலின்படி இந்தக் கவுண்டி ஒருநாளும் எல்லைப்புறமாக இல்லாமல் போனதே இல்லை. இன்று சதுர மைலுக்கு ஒருவர்கூட இல்லை. பரப்பில் கனெக்டிகட் மாநிலத்தைவிடப் பெரியது. கனெக்டிகட்டில் 36 லட்சம் பேர் வாழ்கிறார்கள்.

காரணம் மண்ணுக்குள் இருக்கிறது. கவுண்டியின் பெரும்பகுதி 'சாண்ட்ஹில்ஸ்' என்ற மணல்மேட்டு நாட்டுக்குள் வருகிறது. மேற்கு அரைக்கோளத்திலேயே பெரிய மணல்மேட்டுத் தொகுதி அதுதான், நெப்ராஸ்காவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. சில மேடுகள் 120 மீட்டர் உயரமும் 30 கிலோமீட்டர் நீளமும் கொண்டவை. பாலைவனம் என்று நினைத்துவிடாதே. மேடு முழுக்கப் புல் போர்த்தியிருக்கிறது. பெய்கிற மழை மேலே ஓடாமல் அப்படியே மணலுக்குள் இறங்கி ஓகலாலா நிலத்தடி நீரோடு சேர்ந்துவிடும். மேடுகளுக்கு நடுவே பள்ளம் எங்கே நீர்மட்டத்தைத் தொடுகிறதோ அங்கே ஏரி நிற்கும், அல்லது ஈரப் புல்வெளி இருக்கும். கவுண்டிக்குள் இப்படி நூற்றுக்கணக்கான ஏரிகள். லூப் ஆற்றின் கிளைகள் ஊற்றுநீரில் ஓடுவதால் கோடையிலும் வற்றுவதில்லை. மழை கிழக்கில் ஆண்டுக்குச் சுமார் 500 மில்லிமீட்டர், மேற்கே போகப் போகக் குறையும். ஆட்கள் ஊரைவிட்டுப் போனது தண்ணீர் இல்லாததால் அல்ல. உழ முடியாத மண் என்பதால் போனார்கள். பாடத்தில் இதை அழுத்திச் சொல்.

உழுதால் என்ன ஆகும்? மேட்டின் மேல் மண் கிட்டத்தட்ட வெறும் மணல்தான், அதைக் கட்டிப் பிடித்திருப்பது புல்லின் வேர். கலப்பை அந்த வேரை அறுத்தால் வடமேற்குக் காற்று அங்கே வாய் வைக்கும். முதலில் ஒரு பாய் அகலக் குழி விழும். விளிம்பிலுள்ள புல் அடிமண் சரிந்து தொங்கும், பிறகு அதுவும் விழும். குழி அகலமாகி ஆழமாகி, தோண்டிய மணலெல்லாம் தென்கிழக்குப் பக்கத்து நல்ல புல்லின்மேல் போய்க் கொட்டும். இதற்கு அங்கே 'புளோஅவுட்' என்று பெயர். கலப்பையே வேண்டாம். மாடுகள் வேலியோரமாக ஒரே தடத்தில் நடந்தாலும், உப்புக்கட்டியை ஒரே இடத்தில் வைத்து மந்தை அங்கேயே மிதித்தாலும் போதும். ஆறவைக்க வேண்டுமானால் அந்த இடத்தைச் சுற்றி வேலி போட்டுச் சில ஆண்டு மாட்டை விடக்கூடாது. பழைய வைக்கோலைப் பரப்பலாம். குளிர்காலத்தில் வேண்டுமென்றே அங்கேயே தீவனம் போட்டு, சிந்திய புல்லும் சாணமும் மணலில் மிதிபட விடுகிறவர்களும் உண்டு. பழைய டயர்களைக் குழிக்குள் அடுக்கிக் காற்றின் வேகத்தை உடைத்த பண்ணைக்காரர்களும் இருக்கிறார்கள்; இன்றும் சில குழிகளில் அந்த டயர்களைக் காணலாம். இவ்வளவு கெட்ட இடத்தையே வீடாகக் கொண்ட ஒரு செடியும் உண்டு. புளோஅவுட் பென்ஸ்டமன் என்ற ஊதாப்பூச் செடி அது. குழிகள் குறைந்ததால் அதுவும் அருகி, 1987-இல் அழிவின் விளிம்பிலுள்ள இனங்களின் பட்டியலுக்குள் போனது.

இப்போது மக்களுக்கு வருவோம். இது லகோட்டா என்ற பூர்வகுடி மக்களின் வேட்டை நிலம். அவர்களை வடக்கே ரோஸ்பட் ஒதுக்கீட்டு நிலத்துக்குள் தள்ளிய பிறகு, அவர்களைக் கண்காணிக்க 1880-இல் நயோப்ரேரா ஆற்றங்கரையில் ராணுவக் கோட்டை வந்தது. ரயிலும் கவுண்டியும் 1883-இல் வந்தன. அதற்கு முன்பே மாட்டுக்காரர்கள் ஆற்றோரம் இருந்தார்கள், ஆனால் மேடுகளுக்குள் நுழையப் பயந்தார்கள். 1879-இல் பனிப்புயலில் தப்பிப்போன மாடுகளைத் தேடி உள்ளே போனபோது, அங்கே மாடுகள் கொழுத்து நிற்பதைக் கண்டார்கள். அன்று முதல் பெரிய பண்ணைகள் அரசு நிலத்தையே சட்டவிரோதமாக வேலியடைத்து ஆண்டன.

குடியேறுகிறவர்களுக்கு அரசு நிலம் தரும் 1862-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு குடும்பத்துக்கு 160 ஏக்கர். மணல்மேட்டில் அது எதற்கும் போதாது என்று எல்லோருக்கும் தெரிந்தது. மோசஸ் கிங்கெய்ட் என்ற அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் 1904-இல் கொண்டுவந்த சட்டம், மேற்கு நெப்ராஸ்காவின் 37 கவுண்டிகளில் அதை 640 ஏக்கராக உயர்த்தியது. ஐந்தாண்டு குடியிருந்து, ஏக்கருக்கு ஒன்றேகால் டாலர் கணக்கில் 800 டாலர் பெறுமான வேலை செய்து காட்டினால் நிலம் சொந்தம். 1900-க்கும் 1910-க்கும் இடையே நான் காட்டிய தாவல் இதனால்தான்.

640 ஏக்கர் என்பது நில அளவைக்காரர்களின் ஒரு செக்‌ஷன், சரியாக ஒரு சதுர மைல். காகிதத்தில் கட்டம் போட வசதியான அளவு. புல்லின் கணக்கு வேறு. அந்த நிலத்தில் ஒரு பசுவும் கன்றும் ஆண்டு முழுக்கப் பிழைக்க 15 முதல் 20 ஏக்கர் வேண்டும் என்று வைத்துக்கொள். ஒரு செக்‌ஷனில் நாற்பத்திரண்டு பசுவுக்கு மேல் நிற்காது. குளிர்காலத்துக்குப் பசு ஒன்றுக்கு ஒன்றரை, இரண்டு டன் உலர்புல் சேர்க்க வேண்டும். ஈரப் புல்வெளி கிடைக்காத செக்‌ஷனில் அதற்கும் வழியில்லை. ஒரு குடும்பம் நிம்மதியாக வாழப் பல நூறு பசுக்கள் வேண்டும். ஆகவே வந்தவர்கள் உழுது சோளம் போட்டார்கள், மேல்மண் பறந்தது, பட்டா கைக்கு வந்ததும் பக்கத்துப் பண்ணைக்கு விற்றுவிட்டுப் போனார்கள். சோம்பலாலோ அறியாமையாலோ அவர்கள் தோற்கவில்லை. கொடுத்த அளவே தப்பு.

இந்த இடத்தில் டிவிட்டி குடியிருப்பைப் பற்றி உன் பாடத்தில் ஒரு பத்தியாவது வரவேண்டும். 1907 வாக்கில் கருப்பினக் குடும்பங்கள் பிரவுன்லீ ஊருக்கு மேற்கே, வட லூப் ஆற்றோரம் கிங்கெய்ட் சட்டத்தில் நிலம் எடுத்தார்கள். அவர்களில் சிலர் அடிமை முறையிலிருந்து தப்பி கனடாவுக்குப் போன குடும்பங்களின் வழிவந்தவர்கள். நெப்ராஸ்காவின் கருப்பினக் கிராமக் குடியிருப்புகளில் இதுவே பெரியது, நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். வேரோடு வெட்டியெடுத்த புல்தரைக் கட்டிகளை அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். மரம் இல்லாத நாடு, அடுப்புக்கு மாட்டு வறட்டிதான். தேவாலயமும் பள்ளியும் கடையும் அஞ்சல் நிலையமும் இருந்தன; ஊரின் பெயர் பின்னால் 'அடேஷியஸ்' என்று மாறியது. 1936-க்குள் எல்லோரும் போய்விட்டார்கள். 2016-இல்தான் நெடுஞ்சாலை 83-இன் ஓரம் அவர்களுக்காக ஒரு நினைவுப் பலகை நட்டார்கள். இவ்வளவு தாமதம் எனக்கு ஆறவே இல்லை.

ஊர்கள் எங்கே இருக்கின்றன என்று வரைபடத்தில் பார். வுட் லேக், வேலன்டைன், குரூக்ஸ்டன், கில்கோர், நென்சல், கோடி, மெர்ரிமன் எல்லாம் வடவிளிம்பில் ஒரே வரிசை. அது பழைய ரயில்பாதை. 1992-இல் ரயில் நின்றது; கிழக்கிலிருந்து வேலன்டைன் வரை அந்தப் பாதை இப்போது சைக்கிள் தடம். வரிசை மட்டும் நெடுஞ்சாலை 20-இன் மேல் அப்படியே இருக்கிறது. தலைநகர் வேலன்டைனில் 2020-இல் 2,633 பேர், கவுண்டியில் ஏறக்குறையப் பாதி. 2010 கணக்கின்படி கோடி என்ற ஊரில் 154, மெர்ரிமனில் 128, நென்சலில் 20. வேலன்டைன் 1920-இல் இதைவிடச் சின்ன ஊர். ஆகவே பாதியாகக் குறைந்தது என்பதும் முழு உண்மை இல்லை. நகரம் வளர்ந்தது, மேடுகளுக்குள் இருந்தவர்கள் சுமார் பத்தாயிரத்திலிருந்து மூவாயிரத்துக்கும் கீழே வந்துவிட்டார்கள். கவுண்டிக்குள்ளேயே நேர வலயமும் மாறுகிறது. வேலன்டைனுக்கு மத்திய நேரம், மெர்ரிமனுக்கு மலை நேரம்.

எஞ்சியவர்கள் நிலத்தின் கணக்குக்கு வந்துவிட்டார்கள் என்பதே என் கருத்து. செர்ரி கவுண்டியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இறைச்சிப் பசுக்கள். நாட்டிலேயே முன்வரிசையில் நிற்கும் கவுண்டி. புல்லில் பாதியை மேயவிட்டுப் பாதியை விட்டுவை என்பது அங்கே பாலபாடம். மேட்டு மேய்ச்சலுக்குக் காற்றாலை பம்பு நீர் இறைக்கும். அதில் அடிக்கடி போவது உள்ளே ஏறி இறங்கும் தோல் வாஷர். மணல் கலந்த நீர் அதைத் தேய்த்துவிடும், மாற்றாவிட்டால் தொட்டி காய்ந்து மந்தை வேலியை உடைக்கும். இப்போது பல இடங்களில் சூரிய மின் பம்பு வந்துவிட்டது. உள்சாலைகள் ஒற்றை வண்டி அகலத் தார். எதிரே வண்டி வந்தால் இருவரும் ஒரு பக்கச் சக்கரத்தைப் புல்லில் இறக்க வேண்டும். வேலி குறுக்கிடும் இடங்களில் மாடு தாண்ட முடியாத கம்பித் தடுப்பு, அதன்மேல் வண்டி போகலாம்.

ஆனால் புல்லுக்குப் பொருந்தும் எண்ணிக்கை பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் பொருந்துவதில்லை. உண்மையான துன்பம் இங்கேதான். ஆம்புலன்ஸ் ஓட்டத் தன்னார்வலர்கள் வேண்டும், அவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. தொடக்கப்பள்ளி மட்டும் நடத்திய சின்னஞ்சிறு கல்வி வட்டாரங்களை மாநிலம் 2006-இல் கலைத்தது. அதே ஆண்டு நவம்பரில் மக்கள் வாக்களித்து அந்தச் சட்டத்தை ரத்து செய்தார்கள், அதற்குள் வட்டாரங்கள் போய்விட்டன. கோடி ஊரில் மளிகைக் கடையே இல்லாத நிலையில் பள்ளிப் பிள்ளைகள் பொறுப்பேற்று ஒரு கடை திறந்தார்கள். வைக்கோல் கட்டுகளை அடுக்கிக் கட்டிய கட்டடம், 2013-இல் திறந்தது. செத்துக்கொண்டிருக்கும் ஊர் செய்கிற வேலையா இது?

கடைசியாக உன் அட்டவணைக்குச் சில திருத்தங்கள். பத்தாண்டுக் கணக்கெடுப்பையும் இடைப்பட்ட ஆண்டு மதிப்பீட்டையும் ஒரே நிரலில் கலக்காதே. 65,000 பேருக்குக் குறைந்த கவுண்டிக்கு அமெரிக்கச் சமூக ஆய்வு (American Community Survey) என்ற மாதிரிக் கணக்கெடுப்பு ஓராண்டு எண் வெளியிடாது. நீ '2021' என்று போட்டிருப்பது ஐந்தாண்டு மாதிரியின் எண், பிழை வரம்பையும் பக்கத்தில் போடு. 2020 எண்களில் தனிமனிதர் அடையாளம் தெரியாதிருக்க வேண்டுமென்றே சிறு மாற்றம் செய்திருக்கிறார்கள். மக்கள்தொகை எண்களில் மாநில மொத்தம் மட்டுமே மாறாதது. கவுண்டி அளவில் அது பொருட்படுத்தத் தக்கதல்ல, நென்சல் போன்ற ஊரில் பெரிய விஷயம். ஆகவே இருபது பேர் ஊருக்கு விழுக்காடு போட்டு வரைபடம் வரையாதே. அஞ்சல் குறியீட்டு வாரியான எண்களையும் கூட்டாதே, அந்த எல்லைகள் கவுண்டிக் கோட்டைத் தாண்டிப் போகும். முடிந்தால் வடக்கே ஒட்டியிருக்கும் டாட் கவுண்டியையும் அருகில் வை. ரோஸ்பட் ஒதுக்கீட்டு நிலம் அது, பரப்பில் நான்கில் ஒன்றுக்கும் குறைவு, மக்கள் ஒன்பதாயிரத்துக்கு மேல், இளையவர்கள் நிறைய. வேலன்டைன் கடைத்தெருவுக்கு வருகிறவர்களில் அவர்களும் உண்டு. கவுண்டிக் கோட்டுக்குள் மட்டும் எண்ணினால் இந்த உறவு விட்டுப்போகும்.

திருத்திய அட்டவணையை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் எனக்கு ஒரு பிரதி அனுப்பு. புது வரைபடத்தில் நெடுஞ்சாலை 97-ஐயும் குறித்துவிடு, வேலன்டைனிலிருந்து தெற்கே மல்லன் போகும் அந்தச் சாலை உன் படத்தில் விடுபட்டிருக்கிறது.

அன்புடன்,
ராகவன்