கொடிநாள்: மழலையர் வகுப்புப் பெற்றோருக்குக் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் 7 கொடிநாளையொட்டி எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளில் நடைபெறவுள்ள நிகழ்ச்சிகளையும், நிதி திரட்டுவதில் பள்ளி கடைப்பிடிக்கவிருக்கும் முறையையும் தங்களுக்குத் தெரிவிக்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முப்படை வீரர்கள், முன்னாள் படைவீரர்கள் ஆகியோரின் குடும்ப நலனுக்காக நிதி திரட்டும் இந்நாள் 1949-ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் கடைப்பிடிக்கப்பட்டு வருகிறது. படை என்றும் இளமையாக இருக்க வேண்டும் என்பதால் ஜவான்கள் பலர் நாற்பது வயதையொட்டியே ஓய்வுபெற்று ஊர் திரும்பிவிடுகிறார்கள். பிள்ளைகளின் படிப்புச் செலவு தலைதூக்கும் காலமும் பெரும்பாலும் அதுதான். போரில் கணவரை இழந்தவர்களுக்கும், உடல் உறுப்புகளை இழந்த வீரர்களுக்கும் இந்நிதி உதவுகிறது. வேலூர் மாவட்டத்தில் வாழும் நமக்கு இதை விரித்துரைக்கத் தேவையில்லை. கம்மவான்பேட்டைக்கு ‘ராணுவப்பேட்டை’ என்றே பெயர் வழங்கும் பகுதி இது. அப்பா எல்லையில் பணியிலிருக்க, தாத்தா பாட்டியின் கைப்பிடித்துப் பள்ளிக்கு வரும் குழந்தைகள் நம் வகுப்புகளிலேயே உண்டு.

எனினும், மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு நிதி என்பதோ நலத்துறை என்பதோ விளங்காது. தம் கையால் ஒன்றைச் செய்து பிறருக்குக் கொடுப்பது மட்டும் நன்றாகவே விளங்கும். ஆகவே ஒரு குழந்தைக்கு இவ்வளவு என்று தொகை எதுவும் நிர்ணயிக்கப்படவில்லை. பெயர் எழுதிய உறைகள் வீட்டுக்கு வரமாட்டா. அதிகம் கொடுத்தவர் பெயரைக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வாசிக்கும் வழக்கமும் இங்கு இருக்காது. குழந்தைகளைக் கடை கடையாக அனுப்பி வசூலிக்கச் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை என்பதையும் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். அலுவலக வாசலில் பூட்டிய உண்டியல் ஒன்று வைக்கப்படும்; விருப்பமுள்ளவர்கள் இயன்றதைப் போடலாம். பத்து ரூபாய் நாணயத்தைக் கண்டு முகம் சுளிக்கும் கடைக்காரர்கள் இன்னும் இருக்கலாம், நம் உண்டியல் சுளிக்காது.

கொடிநாள் கொடியில் தரைப்படைக்குச் சிவப்பும், கடற்படைக்குக் கருநீலமும், விமானப்படைக்கு வெளிர்நீலமும் உள்ளன. குறுக்கே நறுக்கிய வெண்டைக்காயை இம்மூன்று வண்ணங்களிலும் தோய்த்து, எல்.கே.ஜி. குழந்தைகள் கெட்டி அட்டையில் பட்டை பட்டையாக அச்சுப் பதிப்பார்கள். வண்ணம் சட்டையில் படாமல் இருக்கப்போவதில்லை. எனவே அன்று சீருடைக்குப் பதிலாகப் பழைய உடை அணிவித்து அனுப்பவும். வழக்கமாகச் சட்டையில் குத்தப்படும் குண்டூசிக் கொடிகள் மழலையர் வகுப்புகளுக்குள் வாரா. குத்திய ஊசி சிறிது நேரத்தில் விரலுக்கும், அங்கிருந்து வாய்க்கும் போய்விடும் என்பதை வகுப்பாசிரியர்கள் நன்கு அறிவார்கள். குழந்தைகள் செய்த கொடிகளே ரப்பர் வளையத்தில் கோக்கப்பட்டு மணிக்கட்டில் அணிவிக்கப்படும்.

யு.கே.ஜி. குழந்தைகள் சுண்டல் கடை நடத்துவார்கள். கொண்டைக்கடலையை முந்தைய நாள் ஊறவைப்பதும், மறுநாள் அது எவ்வளவு பருத்திருக்கிறது என்று தொட்டுப் பார்ப்பதும், வெந்த சுண்டலில் தேங்காய்த் துருவல் தூவுவதும் அவர்கள் வேலை. அடுப்படி வேலை முழுவதும் ஆயாம்மாக்களுடையது. ஒரு தொன்னைச் சுண்டலின் விலை ஐந்து ரூபாய். வாங்க வருபவர்கள் சில்லறையாகக் கொண்டுவந்தால், ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் நாணயங்களை இனம்பிரித்து எண்ணக் குழந்தைகளுக்கு வாய்ப்புக் கிடைக்கும். எண்ணும் ஒவ்வொரு குழுவுடனும் ஓர் ஆசிரியர் இருப்பார். எல்.கே.ஜி. குழந்தைகளின் கையில் நாணயம் கொடுப்பதில்லை. விழுங்கிவிடும் அபாயம் கருதி, அவர்களுக்குப் பெரிய அட்டை நாணயங்களே.

நம் குழந்தை ஒருவரின் தாத்தா, ஓய்வுபெற்ற ராணுவ வீரர், அன்று குழந்தைகளுடன் உரையாட இசைந்துள்ளார். போர்க்காட்சிகளோ துப்பாக்கி பொம்மைகளோ வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதை அவரும் மனமுவந்து ஏற்றுக்கொண்டார். பனிமலையில் சப்பாத்தி சுட்டது, படுக்கையைச் சுருக்கமின்றி மடித்தது, வீட்டுக்குக் கடிதம் எழுதியது ஆகியவற்றைச் சொல்வார். தந்தை தொலைவில் பணியாற்றும் குழந்தைகள் சிலருக்கு இப்பேச்சு ஏக்கத்தைத் தூண்டக்கூடும். அத்தகைய குழந்தைகளின் தாய்மார்கள் முன்கூட்டியே வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், குழந்தையைப் பக்கத்திலேயே அமர்த்திக்கொள்வோம்.

உண்டியல் பணமும் சுண்டல் பணமும் மறுநாள் பிற்பகல் 3 மணிக்குப் பெற்றோர் இருவர் முன்னிலையில் எண்ணப்படும். தொகை முழுவதும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் செலுத்தப்பட்டு, ரசீதின் நகல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். கடலை, வண்ணம், அட்டைச் செலவைப் பள்ளியே ஏற்றுக்கொள்ளும். எண்ணும்போது உடனிருக்க விரும்புவோர் அலுவலகத்தில் பெயர் கொடுக்கவும். தேங்காயோ கடலையோ ஒவ்வாத குழந்தைகள் இருப்பின் வெள்ளிக்கிழமைக்குள் நாட்குறிப்பேட்டில் எழுதியனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தலைமையாசிரியர்