மெமோவுக்கு என்ன பதில் எழுதுவது? துறைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துறைத் தலைவர்களுக்கு,

வணக்கம். பத்தொன்பது வருடமாக கவுன்ட்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்திருப்பவன் எழுதுகிறேன்.

போன மாதம் எங்களுக்கு மன அழுத்தத்தைச் சமாளிக்கும் பயிற்சி வகுப்பு நடத்தினீர்கள். நடந்தது விடுமுறை நாளில். வராதவர்கள் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும் என்று சுற்றறிக்கை வேறு. மூச்சை மெதுவாக இழுத்து மெதுவாக விடச் சொன்னார் பயிற்சி தந்தவர். நன்றாகவே சொல்லிக்கொடுத்தார், அவர்மேல் குறையில்லை. ஆனால் கண்ணை மூடினால் எனக்குத் தெரிந்தது மேசையில் கிடக்கும் மூன்று பேருடைய கோப்புகள்தான். ஒன்று என் இருக்கை. மற்ற இரண்டும் 'கூடுதல் பொறுப்பு'. காலிப் பணியிடத்தை நிரப்பாமல் மூச்சுப் பயிற்சி கொடுப்பது, கூரை ஒழுகும் வீட்டுக்குத் துண்டு வாங்கித் தருவது மாதிரி.

அதே வாரம் நடந்ததைச் சொல்கிறேன். உதவித்தொகை நின்றுபோன ஒருவர் பக்கத்து கவுன்ட்டரில் இருக்கும் தோழியைக் கண்டபடி திட்டினார். நிறுத்தியது தோழி இல்லை. திரும்பக் கொடுக்க அவருக்கு அதிகாரமும் இல்லை. ஐந்தாவது தடவையாக அலைந்தவர் வேறு யாரிடம் கத்துவார்? அவர் போனதும் தோழி முத்திரையை எடுத்தார். கை நடுங்கியதில் தேதி இரண்டாகப் பதிந்தது. அதற்குள் அடுத்த டோக்கன் எண் விழுந்துவிட்டது. வந்த வயதான அம்மா, "என்னம்மா, முகம் வாடியிருக்கு?" என்று கேட்டார். திட்டு வாங்கும்போது அழாதவர், இதைக் கேட்டதும் எழுந்து ஓடினார். கழிப்பறையில் குழாய்த் தண்ணீர் ரொம்ப நேரம் கொட்டிக்கொண்டிருந்தது. சாயங்காலம் மெமோ வந்தது: 'பணி நேரத்தில் இருக்கையில் இல்லை.'

இது எங்கள் புலம்பல் மட்டுமில்லை. பிரிட்டனில் அரசு ஊழியர்களையே வைத்து 1967இல் ஒயிட்ஹால் ஆய்வைத் தொடங்கினார்கள். 1985இல் தொடங்கிய இரண்டாம் ஆய்வில் மட்டும் 10,308 பேர். பொறுப்பு அதிகமுள்ள மேலதிகாரிகளுக்குத்தான் இதயநோய் அதிகம் வரும் என்று பலர் நினைத்திருந்தார்கள். பதவியில் கீழே இருப்பவர்களுக்கே அதிகம் என்று தெரிந்தது. தன் வேலையில் தனக்கே தீர்மானிக்கும் உரிமை இல்லாததும் மேலிருந்து ஆதரவு கிடைக்காததும் மனநலத்தையும் கெடுக்கின்றன என்பதையும் அதே ஆய்வு காட்டியது. மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் உலகம் ஆண்டுக்கு 1,200 கோடி வேலைநாட்களை இழப்பதாக 2022இல் உலக சுகாதார அமைப்பு சொன்னது. தனிநபருக்குப் பயிற்சி கொடுத்தால் மட்டும் போதாது, பணிச்சூழலையும் மாற்றுங்கள் என்பதும் அதன் பரிந்துரைதான்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அப்படி ஒரு வசவுக்குப் பிறகு, யாரிடமும் அனுமதி கேட்காமல் எழுந்து போக பத்து நிமிடம் கொடுங்கள். அந்த நேரம் கண்காணிப்பாளர் அறையை விட்டு வெளியே வந்து கவுன்ட்டரில் நிற்கட்டும். சின்னச் சின்ன விஷயங்களையாவது நாங்களே முடித்துக்கொடுக்க அதிகாரம் கொடுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீரும். ஆலோசகரை நியமிப்பதானால், நிர்வாகப் பிரிவுக்கு எதிர் அறையில் உட்கார வைக்காதீர்கள். அந்தக் கதவைத் தட்டியவர் யார் என்று மதியத்துக்குள் மாடி முழுக்கத் தெரிந்துவிடும்.

விடுப்பு விஷயமும் இருக்கிறது. மனச்சோர்வு என்று எழுதி விடுப்பு கேட்ட ஒருவரை இதுவரை நான் பார்த்ததில்லை. "காய்ச்சல்னு எழுதிடு" என்றுதான் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நாங்களே சொல்லிக்கொடுக்கிறோம். பதவி உயர்வு நேரத்தில் யாராவது பழைய கோப்பைப் புரட்டுவார்கள் என்ற பயம். அந்தப் பயம் வீண் என்று எழுத்தில் ஓர் உத்தரவு போட உங்களால் முடியும்.

தோழி அந்த மெமோவுக்கு இன்னும் பதில் கொடுக்கவில்லை. வயிற்றுவலி என்று எழுதுவதா, நடந்ததை எழுதுவதா என்று நேற்றும் கேட்டார். என்ன எழுதச் சொல்லட்டும்?

இப்படிக்கு,
ஒரு கவுன்ட்டர் எழுத்தர்