தொட்டி அப்பா எழுதுவது

அன்புள்ள பாப்பாவுக்கு,

வியாழக்கிழமை போனில் நீ "ம்" என்றதற்கும் "வைக்கிறேன்ப்பா" என்றதற்கும் நடுவே ஒரு நிமிடம் பேச்சே இல்லை. சிக்னல் போய்விட்டது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். ஆனால் உன் மூச்சு எனக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. என்ன ஏது என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் "ஒன்றுமில்லைப்பா" என்பாய், சித்தி கல்யாணத்தன்று சொன்ன மாதிரி.

அதனால் பொதுவாகச் சொல்கிறேன், உனக்கென்று இல்லை. படபடப்பு வந்தால் காற்று போதவில்லை என்று நினைத்து எல்லோரும் இழுத்து இழுத்து மூச்சு வாங்குவார்கள். நடப்பது அதற்கு நேர்மாறு. வேகமாக மூச்சு விடுவதில் உடம்பிலுள்ள கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடுகிறது. விரல் நுனி மரத்துப்போவதும், தலை கிறுகிறுப்பதும் அதனால்தான். உயிரே போகப்போகிறது என்று தோன்றும். போகாது. பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், அப்புறம் தானாக இறங்கும். ஆகவே இழுப்பதை விடு, வெளியே விடுவதைக் கவனி. 4 எண்ணி இழுத்தால் 6 எண்ணி விடு. மெதுவாக விடு.

அத்தனை பேரை வைத்து வேலை வாங்குகிறாய், எனக்குப் பெருமைதான். பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். அப்பாவுக்கு வாரம் ஒரு போன் பண்ண மட்டும் நேரமில்லை. சரி, அதை விடு.

படபடப்புக்கு இன்னொரு வழி, 5-4-3-2-1 என்பார்கள். கண்ணுக்குத் தெரிகிற 5, தொட்டு உணர்கிற 4, காதில் விழுகிற 3, மூக்குக்கு எட்டுகிற 2, நாக்கில் 1. கேட்டால் குழந்தை விளையாட்டு மாதிரி இருக்கும். அவசரப்பட்டால் பலிக்காது. "நாற்காலி" என்று சொல்லித் தாண்டிவிடாதே. அதன் இடது கைப்பிடியில் வார்னிஷ் உரிந்திருக்கும், உரிந்த இடம் பூனைத் தலை போல இருக்கும், ஒரு காது மட்டும் நீளம். அந்த அளவுக்குப் பார்க்க வேண்டும். மூக்குதான் எனக்கு ஒருநாளும் ஒத்துழைத்ததில்லை. மாடியில் நின்றால் என்ன வாசனை வரும்? சட்டைக் காலரை மோந்துவிட்டு நாக்குக்குப் போய்விடுவேன்.

எழுதிவிட்டேன். பேனாவில் எழுதியதை இனி அழிக்கவும் முடியாது.

ஆமாம், எனக்குத்தான். ராத்திரியில் "தொட்டி நிரம்பியதா பார்த்துவிட்டு வருகிறேன்" என்று மாடிக்குப் போவேனே, நீயும் தம்பியும் தொட்டி அப்பா என்று கேலி செய்வீர்கள். தொட்டியை நான் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளங்கால் இரண்டையும் தரையில் அழுத்தி நிற்பேன். தொட்டியின் சிமெண்டில் கையை வைத்தால் ஜில்லென்று இருக்கும், கொஞ்சம் சொரசொரப்பாகவும். அதைத் தடவிக்கொண்டே 100-லிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டு வருவேன். 93, 86, 79. கணக்குப் பிசகினால் நல்லது, மறுபடி ஆரம்பிக்கலாம். இதற்கெல்லாம் ஒரு பெயர் உண்டு என்பதே டாக்டர் சொல்லித்தான் தெரியும். டாக்டரிடம் போகவே எனக்கு 20 வருஷம் ஆயிற்று. நீ அவ்வளவு நாள் எடுத்துக்கொள்ளாதே.

உனக்குப் 13 வயது. பரீட்சைக்கு முந்தின நாள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு உள்ளே இருந்தாய். நான் கதவைத் தட்டி, "தண்ணீர் வீணாகிறது" என்றேன். கதவுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று வீட்டிலேயே எனக்குத்தான் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். என்னுடையது உனக்கும் வந்துவிட்டது என்று ஒப்புக்கொள்ளப் பயம். குழாயை மூடிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து "சாரிப்பா" என்றாய் பார், அது.

மூச்சை மெதுவாக விடு. இதை நன்றாக இருக்கிற நாளிலேயே பழகிக்கொள், வந்த பிறகு கற்றுக்கொள்ள முடியாது. வந்துவிட்டால் ராத்திரி எத்தனை மணியானாலும் கூப்பிடு. பேச வேண்டாம். நானும் பேச மாட்டேன். நம் வீட்டு மின்விசிறியின் கடகட சத்தம் கேட்கும், காதில் விழுகிற மூன்றில் அதை ஒன்றாக வைத்துக்கொள்.

அப்பா

பின்குறிப்பு: அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.