பெயர் தெரியாத இசிஜி சிஸ்டருக்கு நன்றி

ராத்திரி பாம்பனில் அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தோம். சீட்டெல்லாம் அப்புறம் என்று சொல்லிவிட்டு முதலில் இசிஜி எடுத்தீர்கள். வேர்வையில் நெஞ்சில் ஒட்டிய மிஷின் கப்புகள் வழுக்கி, பேப்பரில் இதயத் துடிப்பின் கோடு ஆடியது. நெஞ்சைத் துடைத்துவிட்டு, "ஐயா, அசையாம படுங்க" என்று மறுபடி எடுத்தீர்கள்.

நெஞ்சுவலி என்று வந்தவருக்கு 10 நிமிடத்துக்குள் இசிஜி எடுக்க வேண்டுமாம். மிஷின் பல இடங்களில் உண்டுதான். அதில் சார்ஜும் பேப்பரும் இருக்க வேண்டாமா? உங்களுடையதில் இருந்தது. ராமநாதபுரத்து இதய டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி, அவர் சொன்னபடி ரத்தக்கட்டு கரைக்கும் ஊசியை இங்கேயே போட்டு, அதன் பிறகுதான் 108இல் ஏற்றினீர்கள். பாலம் தாண்டிப் போகும் நேரம் வீணாகவில்லை.

இப்போது அப்பா வீட்டில்தான். நீங்கள் சொன்னபடி உப்பைக் குறைத்ததற்குத் திட்டு வாங்குவது நான்தான், சிஸ்டர்.