செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, அங்கத்தவர்களே,

கடந்த பொதுக்கூட்டத்துக்குப் பின் நிர்வாகக் குழு 9 தடவை கூடியது. அதில் 3 தடவை ஆட்கள் போதாமல் தேநீரோடு கலைந்தோம். பொங்கல் விழா நடந்தது. கோடைகால ஒன்றுகூடல் மழையால் பாதியில் நின்றது. மூத்தோர் உதைபந்தாட்டத்தில் நம் அணி முதல் சுற்றோடு வீடு திரும்பியது.

இனி, ஃபுட்சால் இறுதிச்சுற்றைப் பார்க்க நம் பிள்ளைகளோடு பிரான்சின் ல மான் நகருக்குப் போன பயணம். இதைப் பற்றி எனக்குப் பின்னால் பேசியவையெல்லாம் என் காதுக்கு வந்து சேர்ந்திருப்பதால், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஃபுட்சால் என்பது மண்டபத்துக்குள் அணிக்கு 5 பேராக ஆடும் உதைபந்தாட்டம். ஐரோப்பியக் கழகங்களுக்கான ஃபுட்சால் சாம்பியன்ஸ் லீக் 2001இல் தொடங்கியது. 2018 வரை அதன் பெயர் ஃபுட்சால் கப். லிஸ்பன், அல்மாட்டி, ரீகா, யெரெவான் என்று ஊர் ஊராகப் போன இறுதிச்சுற்று, 2025 மே மாதத்தில் ல மான் நகருக்கு வந்தது. பாரிஸிலிருந்து சுமார் 200 கிலோமீற்றர். வீட்டு வாசலுக்கு வந்ததைப் பார்க்காமல் விடுவதா?

"உள்ளே விளையாடும் பந்துக்கு இவ்வளவு செலவா?" என்று ஒரு மூத்த அங்கத்தவர் கேட்டார். ஐயா, நம் பிள்ளைகள் விளையாடுவதே அதைத்தான். குளிர்காலம் முழுதும் புல்தரை சேறாகக் கிடக்கும். நமக்கு மிஞ்சுவது நகரசபை மண்டபத்தில் வியாழன் இரவு ஒன்றரை மணி நேரம். ஹாண்ட்போலுக்குப் போட்ட 40க்கு 20 மீற்றர் கோடுகள் ஃபுட்சாலுக்கும் பொருந்துகின்றன; கோல் கம்பமும் அதே அளவு. 10 மீற்றர் புள்ளிதான் இல்லை. ஒரு பாதியில் ஓர் அணி 5 ஃபவுல்களைத் தாண்டினால், எதிரணி அந்தப் புள்ளியிலிருந்து தடுப்புச் சுவர் இல்லாமல் உதைக்கலாம். நானே அளந்து மஞ்சள் நாடா ஒட்டினேன். அடுத்த வாரம் மண்டபப் பொறுப்பாளர் பார்த்துக்கொண்டு நிற்க, நானே அதை நகத்தால் சுரண்டி எடுத்தேன். இரண்டு நாளும் உதவிக்கு யாரும் வரவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

பயணத்துக்குப் பெயர் கொடுத்தவர்கள் 31 பேர். பஸ்ஸில் ஏறியவர்கள் 19 பேர். மற்ற இருக்கைகளில் றோல்ஸ் பெட்டிகள் வசதியாக வந்தன. பஸ்காரர் தலையை எண்ணிக் காசு வாங்குவதில்லை.

இறுதியாட்டத்தில் ஸ்பெயினின் பால்மாவும் கசகஸ்தானின் கைராத்தும் மோதின. 2023இல் பெனால்டி உதைகளில் வென்று, 2024இல் பார்சிலோனாவை 5–1 என்று மடக்கிய பால்மா, தொடர்ந்து மூன்றாவது தடவையும் கிண்ணத்தைத் தூக்கியது. நம் பிள்ளைகளின் கண் நடுவரின் விரல்களிலேயே இருந்தது. எல்லைக்கோட்டில் பந்தை வைத்ததும் அவர் கையை உயர்த்தி 4 வினாடி எண்ணுவார். அதற்குள் உதைக்காவிட்டால் பந்து மற்ற அணிக்கு. கோல்காப்பாளருக்கும் தன் பக்கத்தில் அதே 4 வினாடிதான். நம்முடைய 14 வயதுக் கோல்காப்பாளர் வழக்கமாகப் பந்தை அணைத்துக்கொண்டு, யாருக்குக் கொடுக்கலாம் என்று ஊர் விசாரிப்பவர். அடுத்த வியாழன் தானே வாய்விட்டு எண்ணி எறிந்தார். இதற்கு எந்தப் பற்றுச்சீட்டைக் காட்டுவது?

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாக, வரவும் செலவும் கிட்டத்தட்டச் சமன். பஸ்ஸால் விழுந்த பள்ளத்தை ஒருவர் தற்போதைக்குக் கைமாற்றாக நிரப்பியிருக்கிறார். அவர் பெயரை எழுதுவது இந்த அறிக்கையை எழுதுபவருக்கு அழகல்ல. 58 அங்கத்தவர்களில் சந்தாவை முழுதாகக் கட்டியவர்கள் 23 பேர். கட்டாதவருக்கு வாக்கில்லை என்கிறது யாப்பு. அதை இன்று கடைப்பிடித்தால் தலைவரைத் தெரிவு செய்வதே சிரமம்.

தலைவருக்கும் பொருளாளருக்கும், விடியற்காலையில் எழுந்து றோல்ஸ் பொரித்த சகோதரிகளுக்கும், நகரசபைக்கும் நன்றி.

அடுத்த இறுதிச்சுற்று பிரான்சில் இல்லை. ஆகவே பஸ் பேச்சை எடுக்கமாட்டேன், பயப்பட வேண்டாம். ஆனால் நமது வியாழன் நேரத்தை வேறொரு கழகமும் கேட்டிருக்கிறது. விண்ணப்பத்தோடு அங்கத்தவர் பட்டியலையும் கொடுக்க வேண்டும்; 23 பெயரோடு போய் நிற்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. மண்டபத் திறப்பு 8 வருடமாக என் பையில்தான் கிடக்கிறது. பொறுப்பேற்க யாராவது முன்வந்தால் இன்றே கொடுத்துவிடுவேன். சென்ற வருடம் இதே வரியை வாசித்தபோது எல்லோரும் கை தட்டினீர்கள்.

சந்தாப் பெட்டி, வாசலில் வடைத் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கும்.

இங்ஙனம்,
செயலாளர்